பம்புசெட் தொட்டியில் முப்பிடாதி

சங்கரன்கோவில்,
17-5-1983

அன்புள்ள அத்தான்,

இங்கே வெயில் கொளுத்துகிறது. பம்பாயிலும் அப்படித்தானா?

பிள்ளைகளுக்கு லீவு என்பதால் போன வாரம் கரிவலம்வந்தநல்லூரில் அண்ணன் வீட்டில் இருந்தோம். தோட்டத்தில் பம்புசெட் ஓடத் தொடங்கினால் போதும், அண்ணன் பிள்ளைகள் மூவரும் தொட்டிக்குள் குதித்துவிடுவார்கள். குழாய்த் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று கத்துவார்கள். நம் முப்பிடாதி மட்டும் சூம்பிய காலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு, தொட்டிச் சுவரில் உட்கார்ந்து பார்ப்பாள். நானும்தான் அவளை இறங்கவிட்டதில்லை.

வியாழக்கிழமை நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது, அவளாகவே சறுக்கி உள்ளே இறங்கிவிட்டாள். பதறி ஓடினேன். மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சும்மா இருட்டி. தண்ணி அவளுக்கு நெஞ்சளவுதான். நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

முப்பிடாதி சுவரைப் பிடிக்காமல் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி நடந்தாள். தண்ணீர் அவளைத் தாங்கிக்கொண்டது.

"அம்மா, பாரு! தண்ணிக்குள்ள நான் நொண்டல!"

சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் தண்ணீரை வாரி என் முகத்தில் அடித்தாள். நான் சேலையோடு இறங்கிவிட்டேன். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

வெளியே வந்தபின் பழையபடி நொண்டிக்கொண்டுதான் நடந்தாள். ஆனால் பாவாடையை இழுத்துவிடவில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதம் வந்தால் இப்போதெல்லாம் அவள்தான் பிரித்து, எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். அவள் தம்பியை மட்டும் விசாரித்து நீங்கள் எழுதியிருப்பதைச் சத்தமாக வாசித்துவிட்டு, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
அவள் அம்மா