எட்டாம் பக்கத்து முகவரி

அன்பு மகளே,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வந்தவரை வாசலில் நிறுத்தி வைக்காதே. உள்ளே கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்துவிட்டு அப்புறம் படி. நான் சொல்லச் சொல்ல வழக்கம்போல உன் தங்கைதான் எழுதுகிறாள். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் காலை மாலை நினைப்பு. உன் அப்பாவின் முழங்கால் நம் பெரிய சலவை மெஷின் மாதிரி ஆகிவிட்டது, சத்தம் போடும், ஆனால் நிற்காது. டாக்டரிடம் போங்கள் என்றால், "எண்ணெய் போட்டா சரியாயிடும்டி" என்கிறார். மெஷினுக்குச் சொல்கிறாரா காலுக்குச் சொல்கிறாரா தெரியவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அரசு ஒப்பந்தம் இந்த முறையும் நமக்கே வந்தது என்று போனில் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை, கடையில் போனைச் சுற்றி எப்போதும் நாலு காது இருக்கிறது. நம் இஸ்திரிக்காரியை உனக்கு நினைவிருக்கும், நீ வெளியூர் போன அதே வருஷம் ஒரே ஒரு பையோடு வேலை கேட்டு வந்தாளே, அவள்தான். முழங்கையில் இருந்த தழும்பு இஸ்திரிப் பெட்டி சுட்டது இல்லை என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. புருஷனிடமிருந்து தப்பி வந்தவள். எங்கே இருக்கிறாள் என்று அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. டெண்டர் பாரத்தில் எட்டாம் பக்கம் வேலையாட்கள் பட்டியல். பெயர் போதும், முகவரி விரும்பினால் எழுதலாம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். உன் தங்கை அதைக் கவனிக்கவில்லை. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே, பதினொரு பேரிடமும் கேட்டுக் கேட்டு முத்து முத்தாக எழுதிவிட்டாள். இஸ்திரிக்காரி பெயருக்கு எதிரே, தெரு, வீட்டு எண், மூன்றாம் மாடி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் அறை. அவளும் சின்னப்பிள்ளை கேட்கிறதே என்று சொல்லியிருக்கிறாள். நானும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், அதனால் தப்பு என்னுடையது. இதைச் சொல்லும்போது இவள் பேனா நின்றுவிட்டது. எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

(அக்கா, அம்மா அடுப்பை அணைக்கப் போயிருக்கிறாள். அந்தப் பொடி எழுத்தை நான் படித்தேன். படித்த பிறகும் காலியாக விட மனம் வரவில்லை, பக்கம் அழகாக இருக்காது என்று நினைத்தேன். இது அம்மாவுக்குத் தெரியாது.)

போன வாரம் டெண்டர் கொடுத்த அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. யாரோ ஒருவர் நம் டெண்டர் கோப்பின் நகல் கேட்டிருக்கிறாராம், குறிப்பாக வேலையாட்கள் பட்டியலோடு. ஆட்சேபம் இருந்தால் பத்து நாளுக்குள் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் கொடுத்துவிடுவார்கள். நான் உடனே ஓடினேன். அங்கே தகவல் கொடுக்கும் பிரிவில் ஒரு மனிதர், நல்லவர்தான், உட்காரச் சொல்லி ஃபேனைக்கூட என் பக்கம் திருப்பி வைத்தார். கேட்டது யார் என்றேன். "அது சொல்லக்கூடாதும்மா, அவரோட சொந்த விவரம்" என்றார். கேட்கிறவன் பெயருக்குப் பூட்டு இருக்கிறது, என் வீட்டுப் பெண் படுக்கிற அறைக்கு இல்லை. எட்டாம் பக்கத்தை மறைத்துக் கொடுங்கள் என்றேன். "காரணம் எழுதணும்மா. நீங்க எழுதுற காரணமும் இதே ஃபைல்லதான் சேரும். அவர் கேட்டா அதையும் குடுத்தாகணும்" என்றார். அவள் ஒளிந்திருக்கிறாள், மறையுங்கள் என்று எழுதினால் அதுவே அவளைக் காட்டிக் கொடுத்துவிடும். எழுதாவிட்டால் பக்கம் போய்விடும். அந்த ஃபேன் காற்றிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. ஒப்பந்தத்தையே விட்டுவிடுகிறேன் என்றேன். விட்டாலும் கோப்பு ஏழு வருஷம் இருக்குமாம்.

அந்த விதியைத் திட்டவும் எனக்கு வாய் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மெஷின்கூட இல்லாத ஆள் ஒப்பந்தத்தைத் தட்டிப் பறித்தபோது, இதே மேசையில் கோப்பைக் கேட்டு வாங்கி அவன் பொய்யைக் காட்டியவள் நான்தானே.

பதினொரு பேரும் சேர்ந்து ஆட்சேபம் எழுதினால் அவள் தனியாகத் தெரியமாட்டாள் என்று நினைத்தேன். எல்லோரும் சரி என்றார்கள். வேன் ஓட்டுகிற தம்பி, "என் காரணம் மாமியார்னு எழுதுங்கக்கா, அட்ரஸ் கெடைச்சா வந்து உக்காந்துடுவாங்க" என்று சொல்ல, அந்த நிலையிலும் எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அலுவலகத்தில் சிரிக்கவில்லை. பொதுவான விருப்பம் காரணமாகாது, ஆளுக்கு ஆள் தனித்தனி ஆபத்து காட்ட வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அதே வேன் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிப் பின்வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டு முழங்கையில் தழும்புள்ள பொம்பளை இங்கே வருவாளா என்று விசாரித்ததாகச் சொன்னான். கோப்பைக் கேட்டது அவள் புருஷன்தான், அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

அவள் அறையைக் காலி செய்து உன் அறைக்குக் கூட்டி வந்துவிட்டேன். உன் கட்டிலில்தான் படுக்கிறாள். ஜன்னலைத் திறப்பதில்லை. கைக்கு வேலை இல்லாமல் இருக்க முடியாது என்று உன் பழைய பள்ளி உடுப்பையெல்லாம் எடுத்து மடிப்புக் கலையாமல் தேய்த்து அடுக்கிவிட்டாள். அப்பாடா என்று இருந்தேன். தாள் வந்த ஆறாம் நாள் உன் தங்கை விதிப்புத்தகம் முழுவதையும் உட்கார்ந்து படித்துவிட்டு முகம் வெளுத்து வந்தாள். ஒப்பந்தக்காரரின் வீட்டு முகவரி முதல் பக்கத்தில் இருக்குமாம், அதை எந்தக் காரணம் சொல்லியும் மறைக்க முடியாதாம். அவன் முதலில் தண்ணீர்த் தொட்டி அறைக்குப் போவான், பூட்டைப் பார்ப்பான், நேரே இங்கே வருவான். கிணற்றுக்குப் பயந்து கடலில் குதித்த மாதிரி ஆகிவிட்டது என் புத்தி.

நாளை பத்தாம் நாள். பக்கம் போகட்டும். அவன் வந்தால் நானும் அப்பாவும் வாசலில் இருப்போம், வேன் தம்பியும் வந்து நிற்கிறேன் என்றிருக்கிறான். வந்து வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மகளே, நான் யோசித்துப் பார்த்தேன், எங்கள் எல்லோர் முகவரியும் அந்தக் கோப்பில் இருக்கிறது, உன் முகவரி ஒன்றுதான் எந்தக் கோப்பிலும் இல்லை. உன்னைக் கேட்காமல் செய்கிறேன், கோபித்துக்கொள். ஆனால் இப்போது உன் எதிரே தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை அனுப்பிவிடாதே. வேலையில் கெட்டிக்காரி, பேச்சில் கஞ்சம். கதவு தட்டினால் திடுக்கிடுவாள், நீ வெளியே போய் வரும்போது உன் பெயரைச் சொல்லிக்கொண்டே கதவைத் தட்டு.

பதில் எழுதாதே. கடைக்குப் போன் செய்து போர்வை வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல், எனக்குப் புரியும். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, மனசுக்குப் பிடித்தவர்கள் நடுவில் நிறைவாக இரு.

உன் அம்மா

மறந்துவிட்டேன். உறையின் மேல் எதுவும் எழுதியிருக்காது. உன் முகவரியை அவள் ஐந்து முறை ஒப்பித்துக் காட்டிவிட்டாள், அந்த இடத்தைக் காலியாகவே விடலாம் என்று சொன்னது உன் தங்கை.