அறுநூறு கிராம்

கோபித்துக்கொண்டு ஏரிக்கு அக்கரையில் அறை எடுத்திருக்கும் மகாராணிக்கு,

கூடாரத்தில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. நான் போட்ட கணக்கு அப்படி. ஆனால் காலையில் வனக்காவலர் வந்து, "ரெண்டு பேர்னு புக் பண்ணியிருக்கீங்க, அவங்க எங்க தம்பி?" என்று கேட்டார். ஏரியில் குளிக்கப் போயிருக்கிறாள் என்றேன். "இந்தக் குளிர்லயா?" என்று சிரிக்கிறார் மனுஷன்!

சரி, பை கனக்கும் என்று உன் போர்வையை உனக்குத் தெரியாமல் பையிலிருந்து எடுத்து வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது நான்தான். வெறும் அறுநூறு கிராம். என் ஸ்பேனர் பெட்டி இரண்டு கிலோ, அதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். முட்டாள்தனம். போதுமா? அதற்காக ஒரு வார்த்தை சொல்லாமலா கிளம்பிப் போவாய்?

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் படகுக்கார அண்ணனிடம் "வா" என்று மட்டும் எழுதிக் கொடு. ஐந்து மணிக்குக் கடைசிப் படகு. கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டிவிட்டேன்.

இன்னமும்
உன் கணவன்