ஈரத்தோடு போர்த்திய வண்டி

நெல்லிவாசல்,
வியாழக்கிழமை.

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை மறக்கவில்லை.

ஞாயிறன்று சமைத்துவைத்துக் காத்திருந்திருப்பாய். நான் வராததற்கு வண்டிதான் காரணம், உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சிக்னல் இல்லாததால் சொல்ல முடியவில்லை.

அன்று காலையில் ஸ்கூட்டர் கிளம்பவே இல்லை. வகுப்பில் விடை வராவிட்டால் ஒவ்வொரு பிள்ளையாகத்தானே கேட்போம்? அப்படியே பார்த்தேன். ஹாரன் அடித்தது, ஸ்டார்ட்டர் சுற்றியது. ஆகவே பேட்டரி நல்ல பிள்ளை. ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றினால் உள்ளே தண்ணீர்.

முதல் நாள் மழையில் நனைந்த வண்டியை, நீ தைத்துக் கொடுத்த உரச்சாக்கு உறையால் இறுக்கிக் கட்டியிருந்தேன். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வியர்த்திருக்கிறது. ஜீப் ஓட்டும் குப்பன் சிரித்தார்: "இன்னா சார், ஈரத்தோட போத்தி உட்டா ஜுரம் வராதா?"

துடைத்துக் காயவைத்ததும் வண்டி கிளம்பியது. அதற்குள் மலைப்பாதையில் மேகம் இறங்கிவிட்டது. குப்பனும் ஜீப்பை எடுக்கவில்லை. விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்தார்கள். உனக்கென்று வைத்திருந்த கதைகளை வண்டியிடம்தான் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு மலைப்பள்ளி எதற்கு என்று நீ கேட்டது நினைவுக்கு வந்தது.

இந்த ஞாயிறும் மழை என்கிறார்கள். வானம் விட்டால் வருவேன். இந்தக் கடிதத்தோடு சந்தவாசலுக்கு வரும் குப்பனிடம் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும், வண்டி துடைக்க உன் பழைய புடவை ஒன்றும் கொடுத்தனுப்பு.

ஜீப் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். புடவையைத் துவைக்க வேண்டாம், நீ உடுத்திய வாசத்தோடே இருக்கட்டும்.

உன்,
தேவராஜ்