ரொட்டி வண்டியும் அப்பாவின் ஹாரனும்

அன்புள்ள மகள் மாரிசாவுக்கு அம்மா தெயோலிந்தா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அடுப்பும் ஒழுங்காக எரிகிறது, மாவும் ஏமாற்றாமல் பொங்குகிறது. லக்சம்பர்க் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் மாவு பிசையும்போது என் வேண்டுதல். போன் இருக்கும்போது இந்தக் கிழவிக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் பேசினால் பாதியில் உன் அப்பா பிடுங்கிக்கொள்வார், மீதிப் பாதியில் நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, பால் லாரி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து ரொட்டி வண்டியை நானே ஓட்டுகிறேன் அம்மா என்று, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அப்போதே வாயைத் திறந்திருப்பேன், ஆனால் வியாழக்கிழமை வரை மூடிக்கொண்டிருக்க ஒரு காரணம் இருந்தது. இப்போது எல்லாவற்றையும் சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாமல் படி.

உன் அப்பா புது வண்டி வாங்கின லட்சணம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பழைய வேன் பரிசோதனையில் தோற்றுப்போனது, சரி, வேறு வாங்கத்தான் வேண்டும். போனார், பார்த்தார், மயங்கினார். பக்கக் கதவு கடைபோல மேலே திறக்கிறதாம், ரொட்டித் தட்டு அடுக்க இடம் தாராளமாம், மீன்காரன் வண்டியைவிடப் பெரிசாம். எடை என்ன என்று ஒரு வார்த்தை கேட்டாரா? மூன்றரை டன்னைத் தாண்டினால் சாதாரண லைசன்ஸ் செல்லாது என்று உனக்குத் தெரியும், வீதி வீதியாக ரொட்டி விற்றே தலை நரைத்த மனுஷனுக்குத் தெரியவில்லை. நடமாடும் வியாபாரத்துக்குப் பதிவு வந்தது, சுகாதாரச் சான்று வந்தது, தராசுக்கு முத்திரை வந்தது, காப்பீடும் வந்தது, ஓட்டப்போகிற மாப்பிள்ளைக்கு மட்டும் லைசன்ஸ் இல்லை! இப்போதைக்குக் கூலிக்கு ஓட்டுகிற ஆளும் இந்த மாதக் கடைசியில் சுவிட்சர்லாந்துக்குக் கிளம்புகிறார். அதற்குள் ஓட்ட ஆள் இல்லையென்றால் கீழூர் பேக்கரிக்காரன் நம் வழித்தடத்தைச் சுருட்டிக்கொள்வான், ஏற்கெனவே ஒருநாள் வந்து நோட்டம் பார்த்துவிட்டுப் போனான். நீ பதறியது அதற்குத்தான் என்று எனக்குத் தெரியும் கண்ணு.

வைத்தியர் பரிசோதனையில் அப்பா தேறிவிட்டார். மனநிலைப் பரிசோதனையில், உங்களை ஒருவர் முந்திக்கொண்டு போனால் என்ன நினைப்பீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாளாம், அவனுக்கு ரொட்டி வேண்டாம்போல என்று நினைப்பேன் என்றாராம். அதிலும் தேறிவிட்டார், அவள் சிரித்ததாலோ என்னவோ. வண்டி ஓட்டிக் காட்டும் பரீட்சையில்தான் மானம் போனது. பிரகான்சா டவுனில் எல்லாத் தெருவையும் விட்டுவிட்டு, பரீட்சை வைக்கிற இன்ஜினியர் இவரை எங்கே திருப்பச் சொன்னார் தெரியுமா, நாம் புதன்கிழமை ரொட்டி விற்கிற தெருவுக்கு. எத்தெல்வினா அக்கா வழக்கம்போல ரொட்டி போடுகிற துணிப்பையைக் கேட்டில் மாட்டியிருக்கிறாள். பையைப் பார்த்ததும் இவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது, கை தானாக ஹாரனை அடித்தது, அதோடு விட்டாரா, இறங்கி வண்டியின் பின்னால் போய்விட்டார்! திறந்தால் ரொட்டி எங்கே இருக்கும், அது டிரைவிங் ஸ்கூல் லாரி. அக்கா ஓடி வந்து இன்ஜினியரைப் பிடித்துக்கொண்டாளாம், "ரொட்டி இல்லாம எதுக்குய்யா ஹாரன் அடிக்கிறீங்க, அடுப்புல பால் பொங்குது எனக்கு, ரொட்டி விக்க நீதான் புதுசா வந்த ஆளா, வாயத் தொறந்து பேசேன்" என்று. லாரி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற க்விண்டேலா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டானாம்.

இரண்டாம் தடவை எல்லோருமாகச் சேர்ந்து கெடுத்தார்கள். க்விண்டேலா முன்கூட்டியே அந்தத் தெருவுக்குப் போய், அன்றைக்கு யாரும் பை மாட்டக் கூடாது என்று கெஞ்சிவிட்டு வந்தான். பை மாட்டவில்லை, உண்மை. ஆனால் பாவம் நம்ம ரொட்டிக்காரன் பெலர்மீனோ பரீட்சைக்குப் போகிறான் என்று தெருவே வாசலில் வந்து நின்று கைகாட்டியது. பதிலுக்கு ஹாரன் அடிக்காமல் போவது நம் ஊரில் எவ்வளவு பெரிய அவமரியாதை! வீட்டுக்கு வீடு அடித்துக்கொண்டே போயிருக்கிறார், ஊருக்குள் அபாயம் இல்லாமல் ஹாரன் அடிக்கவே கூடாதாம். வீட்டுக்கு வந்து, "இந்தக் கையை வெட்டிப்போட்டாத்தான் பாஸாவேன் தெயோலிந்தா" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன்பிறகு பரீட்சைப் பேச்சையே எடுக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டில் உயிரான பன்றி ஹாமைக்கூடத் தொடாமல் தள்ளிவைத்தார் என்றால் பார்த்துக்கொள்.

இப்போது என் கதை. முதல் தடவை அவர் தோற்ற மறுவாரமே நான் போய் க்விண்டேலாவிடம் பெயர் கொடுத்துவிட்டேன். ஆமாம் மாரிசா, உன் அம்மாதான்! வீட்டில் தோள்வலிக்குப் பயிற்சி சிகிச்சை என்று சொல்லிவைத்தேன். அந்த லாரியின் ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பி இல்லாத தோள்வலி நிஜமாகவே வந்துவிட்டது. உன் அப்பா ராத்திரி ராத்திரி தைலம் தேய்த்துவிட்டு, "என்ன சிகிச்சையோ, போகப் போக மோசமாகுதே" என்பார், நான் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன். வியாழக்கிழமை பரீட்சை. அதே இன்ஜினியர். குடும்பப் பெயரைப் பார்த்ததும் மனுஷன் முகம் வெளுத்துவிட்டது, "அந்த ரொட்டிக்காரர் உங்களுக்குச் சொந்தமாம்மா?" என்றார். "சொந்தமெல்லாம் இல்லீங்க, புருஷன்" என்றேன். அதே தெருவுக்குத்தான் விடச் சொன்னார், எத்தெல்வினா அக்கா என்னை லாரியில் பார்த்துவிட்டு, "அடியே தெயோலிந்தா, நீயா?" என்று தெருவே அதிரக் கத்தினாள், நான் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை, அந்தக் கோபத்தில் இன்னும் என்னோடு பேச மாட்டேன் என்கிறாள். பாஸ் என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் மெதுவாக, ஈஸ்டருக்கு இறைச்சி வைத்துச் சுடுகிற ஃபோலார் ரொட்டி தன் தெருப்பக்கம் வருமா என்று கேட்டார். வரும், ஆனால் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வரும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

எனக்குப் பயமெல்லாம் உன் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான். தோற்றுப்போன ஆம்பிளையிடம் நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல எப்படி நாக்கு வரும். முட்டைக்கோஸ் சூப்பை ஊற்றி வைத்துவிட்டுச் சட்டென்று சொல்லிவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தார். "தோள்வலி சரியாப்போச்சா அப்ப?" என்றார். நான் பெயர் கொடுத்த வாரமே க்விண்டேலா அவரிடம் உளறிவிட்டானாம்! தெரிந்தே இத்தனை நாளும் தைலம் தேய்த்திருக்கிறார் கள்ளன். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார். நேரமாகியும் வரவில்லையே என்று கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் வண்டிக்குள் விளக்கு எரிகிறது, ஓட்டுகிறவர் சீட்டை என் குட்டைக் காலுக்கு எட்டுகிற மாதிரி முன்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு மெத்தையைக் கட்டிக்கொண்டிருந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது, மாவு விழுந்துவிட்டது என்றார். கொட்டகையில் ஏது மாவு.

நேற்று முதல் சவாரி போனோம். ஸ்டீயரிங் என்னிடம், ஹாரன் அவரிடம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வாசலிலும் என் கைக்குக் குறுக்கே கையை நீட்டி அடிக்கிறார், நான் திட்டுகிறேன், அவர் கேட்பதில்லை. வளைவில் சர்ச் சுவரை லேசாக உரசினேன், பாதிரியாரிடம் சொல்லிவிடாதே. கீழூர்க்காரன் எதிரே வந்தான், நான் ஓட்டுவதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான், அவனுக்கும் ஒரு ஹாரன் கிடைத்தது. ரொட்டி மிச்சமில்லாமல் விற்றுத் தீர்ந்தது, எங்களுக்குச் சாப்பிடக்கூட இல்லை.

ஆகையால் மகளே, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே போய்த் திருப்பி வாங்கு. என் அம்மா பைத்தியம் பிடித்து லாரி ஓட்டுகிறாள், என்னைத் தேவையில்லை என்கிறாள் என்று சொல், நம்புவார்கள். ஆண்கள் மத்தியில் அந்த லாரிச் சீட்டைப் பிடிக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். சாண்ட்விச்சிலேயே காலம் தள்ளாமல் சூப் வைத்துக் குடி, கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே, எதை வாங்கினாலும் முதலில் எடையைப் பார், உன் அப்பா புத்தி உனக்கு வேண்டாம். ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ வருகிறேன் என்று சொன்ன அன்று, வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன் அறையில் போர்வையை உதறிப் போட்டுவிட்டு அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன். அதற்காகத்தான் வியாழக்கிழமையே அந்த லைசன்ஸ் எனக்கு அவ்வளவு அவசரமாக வேண்டியிருந்தது. ஓட்டுநர் இல்லை என்ற சாக்கில் உன்னை இங்கே இழுத்துவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குப் பயம். இனி அந்தச் சாக்கும் இல்லை. ஆகஸ்டில் வெளிநாட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் லீவுக்கு ஊருக்கு வருகிறபோது நீயும் வா, வண்டியைத் தொட விடமாட்டேன், எங்களுக்கு வேண்டியது மகள்தான்.

மாதா உன் சாலையெல்லாம் கூட வரட்டும். வருகிற சனிக்கிழமைக்குள் போன் பண்ணி, வேலையில் இருக்கிறேன் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லு, அதுவரை எனக்குத் தூக்கம் இல்லை.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா,
கனரக வாகன ஓட்டுநர் தெயோலிந்தா