திருச்சி காலண்டரும் வெற்றிவேல் கழகமும்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
21 ஆகஸ்ட், வியாழன்

அன்புள்ள மகள் உஷாராணிக்கு,

அம்மா நலம். முழங்கால் நலம், ரத்த அழுத்தம் நலம், என் நாக்கும் நலம். நாக்கைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. உன் சித்தி சீதாலெட்சுமி பூச்சோங்கிலிருந்து உனக்குப் போன் போட்டு, அக்காவுக்குக் கருநாக்கு, அக்கா வாய் வைத்ததால்தான் வெற்றிவேல் கழகம் தோற்றுப்போனது, ஊரெல்லாம் இதே பேச்சு என்று சொன்னாளாம். அது தவறு. நேற்று பல் மருத்துவரிடம் போனபோது நாக்கையும் நீட்டிக் காட்டினேன். சிவப்பாக, சுத்தமாக இருக்கிறது, உங்கள் வயதில் பலருக்கு இப்படி இருப்பதில்லை என்றார். ஆகவே கருநாக்கு என்பது பொய். கழகம் தோற்றது மட்டும் உண்மை. அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், நீ சித்தியிடம் கேட்டதை மறந்துவிட்டு இதைப் படி. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? கார்க்கில் அயர்லாந்து மழை நின்றபாடில்லை என்று எழுதியிருந்தாய். எங்கள் கான்வென்ட் ஆசிரியை சிஸ்டர் பிரிஜிட் அந்த ஊர்க்காரர்தான், வகுப்பில் தன் ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஈரக் காலுறை என்ற சொல் எப்படியும் வந்துவிடும். காலுறையைக் காயவைத்துப் போட்டுக்கொள்.

நீ இங்கிருந்து போன பிறகு வெற்றிவேல் எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்பது உனக்குத் தெரியாது. பெயர் வெற்றிவேல், இந்த ஆண்டு ஞாயிறு லீகில் கடைசி ஆட்டத்துக்கு முன் பதினேழு ஆட்டம் ஆடி ஒன்றிலும் வெற்றி இல்லை. நான்கில் சமன், அதிலும் ஒன்று எதிரணி வந்த பஸ் பழுதாகி அவர்கள் எட்டுப் பேரோடு ஆடியது. திடலில் பதினோரு பேர் ஓடுகிறார்கள், அவர்களை நிர்வகிக்கப் பதினான்கு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவர் விஜயனை உனக்கு ஞாபகம் இருக்கும், கல்யாண மண்டபத்துக்கு நாற்காலியும் கூடாரமும் வாடகைக்கு விடுகிறவர், அதனால்தான் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. பயிற்சியாளர் கிஷன் நல்ல பிள்ளை, பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், ஒரு பலகையில் காந்தத் துண்டுகளை ஒட்டி யார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவார். விஜயன் வந்து அந்தத் துண்டுகளைக் கலைத்து, வடக்குப் பக்கம் முதலில் அடிக்கக் கூடாது லா கோச், போன மாசம் அங்கதான் வாங்கினோம் என்பார். ஏழாவது ஆட்டத்தில் கோல் கம்பத்தின் அடியில் தேங்காய் உடைத்தார்கள். உடைந்த சிரட்டையை யாரும் பொறுக்கவில்லை, நம் ஆளே அதில் விழுந்து மூன்று வாரம் நொண்டினார். பதினோராவது ஆட்டத்தில் நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், அதை எடுத்தால்தான் விசில் ஊதுவேன் என்று நடுவர் சொல்லிவிட்டார். இவ்வளவுக்கும் பிறகு நான் ஒவ்வொரு ஞாயிறும் ஏன் போகிறேன் என்று நீ கேட்பாய். அப்பா இருபத்தாறு ஆண்டுகள் அந்தக் கழகத்தின் செயலாளர், அவர் இருந்தவரை நான் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. அவர் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா போய் உட்கார்ந்தேன், எதிர்ப்பக்க ஆள் ஆஃப்சைடில் நின்றதைக் கொடிக்காரர் கவனிக்கவில்லை, எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து என்னால் போகாமல் இருக்க முடியவில்லை. அடுத்த வாரம் ஜெயித்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். படித்தவள் நினைக்கக் கூடாத நினைப்புதான், நினைத்தேன்.

கடைசி ஆட்டம் செலாயாங் பாசார் அணியோடு. பாசாரில் காய்கறி மூட்டை தூக்குகிறவர்கள், ஆளுக்கு ஆள் கதவு அகலம். பட்டியலில் நம்மைவிட ஒரே ஒரு புள்ளிதான் மேலே. ஜெயித்தால் நாம் முதல் பிரிவில் தங்குவோம், இல்லையென்றால் இரண்டாம் பிரிவுக்கு இறக்கம். இறங்கினால் கழகத்தையே கலைத்துவிடுவது, இரண்டாம் பிரிவில் ஆடுவது வெற்றிவேலின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்று விஜயன் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். கலைத்தால் கழக அறையும் பக்கத்து இடமும் பிக்கல்பால் கோர்ட் ஆகுமாம். பங்சாரில் வெள்ளைக் காலணி போட்டவர்கள் எல்லாம் இப்போது அதைத்தான் ஆடுகிறார்கள், பிங்பாங் மட்டையைப் பெரிதாக்கி மூச்சு வாங்குவது. பதினேழு ஆட்டத்தில் காட்டாத கௌரவம் இந்த ஒரு முடிவில் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

இந்த நேரத்தில்தான் விஜயன் கோயில் சுற்றுலாவாகத் திருச்சி போய் ஒரு தினசரி காலண்டர் வாங்கி வந்து கழக அறையில் மாட்டினார். மாட்டிய மறுநாளே தோல்விக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டார். ஞாயிறு ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு, நம் லீக் ஆட்டம் எல்லாம் ஞாயிறு நாலரைக்குத்தான் தொடங்குகிறது. எல்லா மேட்சும் ராகு காலத்துலயே ஆடியிருக்கோம், அப்புறம் எப்படி லா ஜெயிக்கிறது என்று நிர்வாகக் குழுவில் கேட்டாராம், பதினான்கு தலையும் ஆடியது. எதிரணியும் அதே நேரத்தில்தானே ஆடியது, ராகு அவர்களை ஏன் விட்டுவிட்டார் என்று நான் கேட்டேன். நம்புறவங்களைத்தான் ராகு பிடிக்கும் ஆன்டி என்றார் விஜயன். லீக் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதி, கடைசி ஆட்டத்தை ஆறு மணிக்கு மாற்றிவிட்டார்கள். கோல்கீப்பர் யாசின் மக்ரிப் தொழுகைக்குப் போக வேண்டும், திடலில் விளக்கும் இல்லை, அதனால் அரைமணி அரைமணியாக ஆடி ஏழு பத்துக்குள் முடிப்பது என்று ஏற்பாடு.

நான் வீட்டுக்கு வந்து என் சமையலறைக் காலண்டரைப் பார்த்தேன். அது கிள்ளானில் அச்சடித்தது, மலேசிய நேரப்படி கணித்தது. ராகு காலம் என்பது சூரியன் எழும் நேரத்திலிருந்து கணக்கிடுவது. திருச்சியில் சூரியன் ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறது. இங்கே ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது, நீ பள்ளிக்கூடம் போகும்போது இருட்டாக இருந்தது நினைவிருக்கும். ஆகவே இங்கே ஞாயிறு ராகு காலம் ஐந்து ஐம்பதுக்குத் தொடங்கி ஏழு இருபத்தொன்றுக்குத்தான் முடிகிறது. உஷா, ஒரு நிமிடம்கூட வெளியே போகாமல் முழு ஆட்டத்தையும் தூக்கி ராகு காலத்துக்குள் வைத்துவிட்டார்கள். எனக்கு ராகு மேல் நம்பிக்கையும் இல்லை, பகையும் இல்லை. ஆனால் நம்புகிறவர்கள் சரியாக நம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை கழக அறைக்குப் போய் விஜயனிடம் சொன்னேன். அவர் தே தாரே டீயை ஆற்றிக்கொண்டே, ஆன்டி நீங்க கான்வென்ட்ல படிச்சவங்க, உங்களுக்குப் பஞ்சாங்கமெல்லாம் எதுக்கு, இது திருச்சி காலண்டர், கோயில் வாசல்ல வாங்கினது என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பேசாமலே இருந்துவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். இருந்தாலும் என் காலண்டரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். அதை இங்கே மறைக்க மாட்டேன்.

அன்றைய முதல் பாதியை நீ பார்த்திருக்க வேண்டும். நேரம் நல்ல நேரம் என்று நம்பியதால் விஜயன் வாயை மூடிக்கொண்டிருந்தார், கிஷன் சொன்ன இடத்தில் பிள்ளைகள் நின்றார்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டது. பதினெட்டாவது நிமிடத்தில் குரு தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். குரு பகலெல்லாம் லோரி ஓட்டுகிறவர், முப்பத்து நான்கு வயது, இந்த ஆண்டு அவர் போட்ட மூன்றாவது கோல். யாசின் இரண்டு பந்தைப் பாய்ந்து பிடித்தார். நான் எழுந்து நின்று கை தட்டினேன், பக்கத்தில் இருந்தவர் ஆன்டி உட்காருங்க, மறைக்குது என்றார், உட்காரவில்லை. இடைவேளையில் எல்லோரும் ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தபோது விஜயன் என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி, பார்த்தீங்களா ஆன்டி, நேரம்னா நேரம், இதெல்லாம் கான்வென்ட்ல சொல்லித்தர மாட்டாங்க என்றார்.

கைப்பையைத் திறந்தேன். தாளை எடுத்தேன். சிஸ்டர் பிரிஜிட் சொல்லிக்கொடுத்தபடி முதுகை நிமிர்த்தி, கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில், மலேசிய நேரப்படி இன்றைய ராகு காலம் ஐந்து ஐம்பது முதல் ஏழு இருபத்தொன்று வரை என்று வாசித்தேன். ஏன் என்பதையும் இரண்டு வாக்கியத்தில் விளக்கினேன். குருவின் ஆரஞ்சுச் சுளை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. கிஷன் கையைக் கூப்பி, ஆன்டி ப்ளீஸ் லா, இன்னும் முப்பது நிமிஷம்தான் இருக்கு என்றார். யாசின் மட்டும் சிரித்தார், எனக்கு மக்ரிப் மட்டும்தான் ஆன்டி கணக்கு என்றார். ஆனால் ஒரு கோல்கீப்பர் மட்டும் நம்பாமல் இருந்தால் போதுமா? இரண்டாம் பாதியில் பத்துப் பேரும் பந்தைப் பார்த்ததைவிட வானத்தைப் பார்த்ததுதான் அதிகம். அப்படியும் நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. குரு பந்தை வைத்தார். விஜயன் கோட்டோரத்தில் ஓடி வந்து, குரு, அடிக்காதே, மெதுவா, ராகு முடிய இன்னும் இருபத்தாறு நிமிஷம் இருக்கு என்று கத்தினார். குரு காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார், பந்தைத் துடைத்தார், மறுபடியும் கயிற்றை அவிழ்த்தார், நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டினார். அதற்குப் பிறகு அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போய் ரயில் வேலியைத் தாண்டியது. அடுத்த பத்து நிமிடத்தில் பாசார்க்காரர்கள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். அவர்களிடம் எந்த ஊர்க் காலண்டரும் இல்லை.

அன்று இரவு விஜயன் எல்லோரிடமும் தங்கமணி ஆன்டிக்குக் கருநாக்கு என்று சொல்ல ஆரம்பித்தார், மறுநாள் காலையில் அது பூச்சோங் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் வாசித்தது சரியான நேரம், அதில் ஒரு நிமிடப் பிழைகூட இல்லை. ஆனால் அந்த இடத்தில், அந்தப் பிள்ளைகள் காதில் விழும்படி வாசித்திருக்க வேண்டாம். விஜயனைத் திருத்த வேண்டும் என்ற ஆத்திரத்தில் அவர்கள் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டேன். இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன், சித்திக்குத் தெரிய வேண்டாம்.

திங்கட்கிழமை காலை குரு லோரியை நம் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு மேலே வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நானே முதலில், என்னால்தான் குரு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் யாரிடமும் அப்படிச் சொல்லி நீ கேட்டிருக்க மாட்டாய். அவர் தலையை ஆட்டி, பந்தை அடிச்சது நான் ஆன்டி, ராகு இல்ல, நீங்களும் இல்ல, எனக்குத்தான் கால் நடுங்குச்சு என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். கீழே லோரிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். போகிற போக்கில், அடுத்த சீசன் இருக்கா ஆன்டி, இரண்டாவது பிரிவுன்னாலும் பரவாயில்ல, வேற டீம் இந்த வயசுல என்னை எடுக்காது என்று கேட்டார். ராகு காலத்தின் நட்டநடுவில் முதல் அரைமணி நேரம் அவர்கள் ஆடிய ஆட்டத்தை என் கண்ணால் பார்த்தேன். நிர்வாகம் வாயை மூடி, நானும் வாயை மூடினால் இந்த அணி ஒரே ஆண்டில் மேலே வந்துவிடும். இது கிழவியின் ஆசை இல்லை, கிஷனும் இதையேதான் சொல்கிறார்.

செப்டம்பர் இருபதாம் தேதி ஆண்டுக் கூட்டம். கலைப்பதா வேண்டாமா என்று ஆயுள் உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும், மொத்தம் இருபத்தொரு பேர். எல்லோருக்கும் போன் செய்து பேசிவிட்டேன், கருநாக்கு என்று பயந்து இரண்டு பேர் உடனே என் பக்கம் வந்துவிட்டார்கள், அந்த வதந்தியால் கிடைத்த ஒரே நன்மை. இப்போது கலைக்கப் பத்து, வேண்டாம் என்பதற்கு என்னையும் சேர்த்துப் பத்து. இருபத்தொன்றாவது உறுப்பினர் நீ. நீ பிறந்த வாரமே அப்பா உன் பெயரைப் பதிவு செய்துவிட்டார், எனக்கே பழைய உறுப்பினர் புத்தகத்தைப் பார்த்துதான் தெரிந்தது. வெளிநாட்டில் இருப்பவர் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தின் மூலம் வாக்களிக்கலாம் என்று விதியில் இருக்கிறது, வாட்ஸப் செல்லாது, விஜயனிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன். எந்தப் பக்கம் வாக்களிக்க வேண்டும் என்று நான் உன்னை வற்புறுத்த மாட்டேன். மாதிரிக் கடிதம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், கலைக்கக் கூடாது என்ற வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன், பிழையில்லாமல் பார்த்து எழுது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், குளிரில் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் வாழ வேண்டும். வைட்டமின் மாத்திரையை விடாதே. ரொட்டியை மட்டும் தின்று நாளை ஓட்டாதே, சோறு வடி. அங்கிருந்து தபால் வந்து சேர இரண்டு வாரம் ஆகிறது, ஆகவே இதைப் படித்த அன்றே உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிடு.

அன்புள்ள அம்மா,
தங்கமணி நாகையா