மோந்து பார்த்து வாங்கிய கூடைகள்

மார்ச் 4

கூடைக் கடையில் இன்று மானம் போனது. ஒவ்வொரு பிரம்புக் கூடையாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரரும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

"வாங்க வந்தீங்களா, மோந்து பாக்க வந்தீங்களா?"

எல்லாம் வார்னிஷ் நாற்றம். இந்தக் கூடைகள் நன்றிப் பரிசாகப் போகப்போவது புற்றுநோய் வார்டு நர்ஸ்களுக்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அங்கே யாராவது சென்ட் போட்டுக்கொண்டு நுழைந்தால் போதும், கட்டிலுக்குக் கட்டில் குமட்டல் கிளம்பும். நர்ஸ்கள் பவுடர்கூடப் போடுவதில்லை. என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தானே இருந்தது? நான் வெங்காயம் வதக்கினாலே எழுந்து ஓடுவார்.

கடைசியில் பின்பக்கம் தூசியோடு கிடந்தவைதான் தேறின. வார்னிஷ் காணாதவை.

மார்ச் 7

கூடைகளைக் கழுவி வெயிலில் வைத்தேன். இவருக்குக் கீமோ ஊசி ஏறிய நாட்களில் வீட்டில் நான் காய்ச்சி ஊற்றிய சோப்புகள் நன்றாக இறுகிவிட்டன. வாசனை எதுவும் சேர்க்கவில்லை. நர்ஸ்களுக்கு அதுதான் உதவும்.

வியாழக்கிழமை ஸ்கேன் ரிசல்ட்.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்கிறார்: "ரிசல்ட் நல்லா வந்தாத்தான் கூடையா? இல்லன்னாலும் உண்டா?"

"பேசாம பேப்பரப் படிங்க."

எரிந்து விழுந்திருக்க வேண்டாம். ஆனால் வேறு என்ன சொல்ல? இனி அந்த வாசல் மிதிக்க மாட்டோம் என்று நினைத்துத்தானே இவ்வளவும் செய்கிறேன்.

மார்ச் 10

நாத்தனார் வந்திருந்தாள். அவளை வீட்டில் விட்டுவிட்டு நூல்கயிறு வாங்கப் போனேன். திரும்பி வந்தால் வாசலிலேயே மூக்கைத் துளைக்கிறது! கூடை, சோப்பு எல்லாவற்றிலும் சென்ட் அடித்து வைத்திருக்கிறாள்.

"பரிசுன்னா கொஞ்சம் மணக்க வேணாமா அண்ணி? வெறும் கட்டியா இருந்துச்சு, அதான்..."

கத்திட்டேன். உனக்கெல்லாம் அறிவே கிடையாதான்னு கேட்டுட்டேன். அவ கண்ணு கலங்கிடுச்சு. அவளுக்கு மட்டும் அண்ணன் மேல பாசம் இல்லையா என்ன? எனக்குத்தான் பயம். அதை யார் தலையிலாவது கொட்டணும்.

சத்தம் கேட்டு இவர் வந்தார். ஒரு கூடையை எடுத்து ஆழமாக முகர்ந்தார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"நல்லாத்தான இருக்கு."

குமட்டவில்லை! நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இருவருமாக உட்கார்ந்து சோப்புகளின் மேல்தோலைக் கத்தியால் சீவினோம், கூடைகளை வெந்நீரில் முக்கினோம்.

மார்ச் 11

கூடைகள் மொட்டை மாடியில். நூறு தடவை ஏறி இறங்கி முகர்ந்தாயிற்று. சென்ட் இன்னும் இருக்கிறதா, இல்லை என் மூக்குதான் பிடித்துவைத்திருக்கிறதா?

நாளைக்கு.

மார்ச் 12

டாக்டர் படத்தைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

"இன்னொரு சுற்று குடுத்துடலாம்."

வராந்தாவில் கூடைகளோடு நின்றேன். வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றேன். எதற்கு நன்றி? யாருக்கு நன்றி?

"எடு," என்றார் இவர். "சொல்ல வந்தத சொல்லிட்டுப் போவோம்."

தலைமை நர்ஸ் கூடையை வாங்கியதும் செய்த முதல் வேலை, முகர்ந்து பார்த்ததுதான். எனக்கு உயிர் போய் வந்தது.

"ஒரு வாசனையும் இல்ல!" என்று சிரித்தார். நான் அழுதுவிட்டேன்.

மார்ச் 16

பை கட்டினேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 18

அதே வார்டு, ஜன்னலோரக் கட்டில். காலையிலிருந்து இவருக்குக் குமட்டல். என் தலையெண்ணெய் வாசனைகூட ஆகவில்லை. தள்ளி உட்கார் என்று கையைக் காட்டினார். கதவோரம் போய் உட்கார்ந்தேன்.

தலைமை நர்ஸ் வந்து என் கூடைகளில் ஒன்றைக் கட்டிலருகே வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும்மா. உங்களுக்கும் வேணும்ல?"

ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். முகம், கை, தலை எல்லாம் தேய்த்துக் கழுவினேன். ஈரத் தலையோடு வந்து நின்றேன்.

இவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இதை இவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.