செயின் இறுக்க வருகிறவர்

4 ஜூன்

வண்டிக்காரருக்கு,

நலம். தனித்தனியாக இருப்பதென்று பேசி முடித்து இரண்டு வருடமாகிறது. ஆனாலும் மாதம் தவறாமல் ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்து, என் ஷெட்டில் நிற்கும் உங்கள் மலைப்பாதை மோட்டார் சைக்கிளுக்குச் செயின் இறுக்கி, ஆயில் பார்த்து, ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறீர்கள். போன முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். பார்க்கப் பாவமாக இருந்தது.

அதனால் தெருமுனை மெக்கானிக்கிடம் கற்றுக்கொண்டேன். "ஒரு சிலிண்டர்தானேம்மா, மிக்ஸி கழுவுற மாதிரிதான்" என்றார். அவர் வீட்டில் மிக்ஸியை யார் கழுவுகிறார்களோ! ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்தாயிற்று. ஆயிலும் மாற்றிவிட்டேன். இந்த மாதம் நீங்கள் அலைய வேண்டாம்.

மருந்துக்கடைக்காரி

15 ஜூன்

மருந்துக்கடைக்காரிக்கு,

கடிதம் கண்டேன். ஸ்பாஞ்சை முறுக்கிப் பிழியவில்லையே? செயினைத் தொடாதே. உனக்கு எதையும் இறுக்கித்தான் பழக்கம். அது இரண்டு விரல் அளவு ஆட வேண்டும். வால்வ் இடைவெளியையும் நான்தான் பார்க்க வேண்டும். ஜூலையில் வருகிறேன்.

உன் வீட்டுக்காரர் (என்று இன்னும் போடலாம்தானே?)

2 ஜூலை

வண்டிக்காரருக்கு,

வால்வும் பார்த்தாயிற்று. மெக்கானிக் ஒரு மெல்லிய தகட்டைக் கொடுத்துச் செருகச் சொன்னார். இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டுமாம், பிடித்தது. செயின்தான் எனக்குப் புரியவில்லை. மே மாதம் நீங்கள் இறுக்கிய செயின் தொங்கிக் கிடக்கிறது. "ஓடாத வண்டியில செயின் எப்படிம்மா தொங்கும்? யாரோ வேணும்னே லூசா விட்டிருக்காங்க" என்று சிரிக்கிறார்.

யார் அது?

மருந்துக்கடைக்காரி

11 ஜூலை

மருந்துக்கடைக்காரிக்கு,

நான்தான். ஒவ்வொரு முறையும் உன் கண்முன்னால் இறுக்குவேன். நீ டீ போட உள்ளே போனதும் தளர்த்திவிடுவேன். அடுத்த மாதம் வர ஒரு வேலை வேண்டுமே. சும்மா வந்து நின்றால் "எதுக்கு வந்தீங்க?" என்பாய். என்னிடம் பதில் கிடையாது.

இப்போது எல்லா வேலையையும் நீயே முடித்துவிட்டாய். கிடங்கில் ஆறு நாள் மூட்டை எண்ணுகிறேன். ஏழாம் நாள் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அலுப்பாக இருக்கிறது.

வால்வ் மூடியையாவது சரியாக மூடினாயா?

வீட்டுக்காரர்

30 ஜூலை

வண்டிக்காரருக்கு,

மூடினேன். எனக்கும்தான் அலுத்துவிட்டது. பத்து மணி நேரம் நின்றபடி மருந்து கொடுத்துவிட்டு வந்து, உங்கள் வண்டி முன்னால் மண்டியிட என்னால் முடியவில்லை. நம் சண்டையில் பாதி அந்த வண்டியால் வந்தது. ஞாயிறானால் உங்களுக்கு மலை, எனக்கு வீடு. மீதிப் பாதி நீங்கள் வாயைத் திறக்காததால் வந்தது.

அது இங்கே நிற்கும்வரை நீங்கள் அதைத்தான் பார்க்க வருவீர்கள். நேற்று லாரியில் ஏற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை உங்கள் வாசலில் இறக்குவார்கள். செயின் சரியாக இரண்டு விரல் ஆடுகிறது. பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் ஏற்றினார்கள், நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஷெட் காலி. இங்கே பார்க்க என்னைத் தவிர வேறொன்றும் இல்லை. வந்தால் "எதுக்கு வந்தீங்க?" என்று கட்டாயம் கேட்பேன்.

ஏழு மணி நேரப் பாதை. பதிலை யோசித்துக்கொண்டே வரலாம்.

மருந்துக்கடைக்காரி